பழைய விறகடுப்புக்குள் துளைக்குழாய் வைத்தால் புகை எரியுமா?

கேள்வி: 2022 ஒக்டோபர் 9

எங்கள் வீட்டு நிலவறையில் எழுபதுகளில் செய்த இரும்பு விறகடுப்பு ஒன்று கிடக்கிறது. அதற்குள் மேல்பக்கமாக மூன்று நாலு துளைக்குழாய் பூட்டிக் காற்றுக் கொடுத்தால், புதிய அடுப்பு போலப் புகையே இல்லாமல் எரியுமாம், விறகும் பாதிதான் போகுமாம். வேலைத்தலத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நடக்கிற காரியமா? யாராவது செய்து பார்த்தீர்களா? கனடாவின் சட்பரியிலிருந்து கேட்கிறேன், இங்கே இப்போதே குளிர் தொடங்கிவிட்டது.

2022 ஒக்டோபர் 9, இரவு

செய்து முடிக்கவில்லை, செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே பாதிப் பதில்தான் தரலாம் தம்பி.

நாங்கள் இருப்பது பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டில். ஸ்காபரோவில் பதினேழு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அடுப்பு வீட்டோடு வந்தது. கால் அங்குலத் தகட்டில் ஒட்டிய பெட்டி, மேலே படி வைத்தது போல இரண்டு தட்டு, கதவில் இரண்டு காற்றுத் திருகு. கண்ணாடி கிடையாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இப்படிப்பட்ட அடுப்புகள் இந்தக் கண்டம் முழுக்க மழைக்காளான் போல முளைத்தன. ஒரெகனில் பொப் ஃபிஷர் என்பவர் செய்த படித்தட்டு அடுப்பு பெயர் எடுத்ததும், வெல்டிங் தெரிந்தவரெல்லாம் அதைப் பார்த்துச் செய்தார்கள். என்னுடையது அப்படி யாரோ செய்த ஒன்று. பெயரும் இல்லை, சான்றுத் தகடும் இல்லை.

இந்த வருடம் மே 21 அடித்த புயலில் எங்களுக்கு எட்டு நாள் மின்சாரம் இல்லை. மே மாதம் என்பதால் தப்பினோம். அதே எட்டு நாள் தை மாதத்தில் வந்திருந்தால் என்ற நினைப்பில்தான் இந்த அடுப்பைத் துடைத்து எடுத்தேன். புயலில் விழுந்த மேப்பிள் மரங்கள் வேறு முற்றம் நிறைய. (இந்த மேப்பிளைப் பற்றிப் பிறகு அழ வேண்டி வரும்.)

அறிவியல் பெரிதில்லை. காய்ந்த விறகின் எடையில் ஐந்தில் நாலு பங்கு வாயுவாகத்தான் கிளம்பும். மிச்சம்தான் தணல். பழைய அடுப்பில் அந்த வாயு எரிய நேரமில்லாமல் நேரே புகைபோக்கிக்கு ஓடுகிறது. அது பற்ற ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் சூடும், புதுக்காற்றும், இரண்டும் கலக்கக் கொஞ்ச நேரமும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அம்மா ஈரப் பாளையைக் கொளுத்திவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலால் ஊதுவார். குசினி முழுக்கப் புகை. பிறகு ஒரு கணத்தில் குப்பென்று பிடிக்கும். அதே கணத்தில் புகை மாயமாகிவிடும். அந்தப் புகை எங்கே போனது என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. எரிந்துதான் போனது. துளைக்குழாய் என்பது அடுப்பின் கூரையில் கட்டிவைத்த ஊதுகுழல், அவ்வளவுதான்.

பாதி விறகு மிச்சமாகும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

2022 ஒக்டோபர் 16

கட்டியது இப்படி. பின்தகட்டில் கீழே ஒரு துளை. அதன் வழியாக 25 மி.மீ. உள்விட்டக் குழாய் நுழைந்து பின்சுவரை ஒட்டி மேலே ஏறுகிறது, ஏறும்போதே காற்று சூடாகட்டும் என்று. மேலே பக்கச் சுவரோரம் ஒரு சதுரக் குழாய். அதில் செருகிய மூன்று குறுக்குக் குழாய்கள், மறுமுனை அடைத்தது. ஒவ்வொன்றிலும் 20 துளை, 5 மி.மீ. அளவு, கதவைப் பார்த்து, சற்றே கீழ்நோக்கி. குழாய்களுக்கு மேல் 6 மி.மீ. இரும்புத் தட்டு. புகை தட்டின் கீழாக முன்னுக்கு வந்து, முன் விளிம்பைச் சுற்றி, தட்டின் மேலாகப் பின்னுக்குப் போய் வெளியேற வேண்டும்.

குழாய் 304 ஸ்ரெயின்லெஸ். சாதாரண இரும்பும் வேலை செய்யும், ஆனால் சிவக்கச் சிவக்கச் செதில் செதிலாக உதிர்ந்து ஒன்றிரண்டு குளிர்காலத்தில் போய்விடும். ஸ்ரெயின்லெஸ்ஸில் 60 துளை போட மூன்று மாலை எடுத்தது. வேகமாகச் சுற்றினால் ட்ரில் பிற் நீலமாகி முனை மழுங்கிவிடும், உலோகமும் அந்த இடத்தில் இறுகிப்போகும். மெதுவாகச் சுற்றி, பலமாக அழுத்தி, எண்ணெய் விட்டுக்கொண்டே போக வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நாலு பிற் செலவானது.

2022 ஒக்டோபர் 23

முதல் தீ. தோல்வி.

கொளுத்தி இருபது நிமிடம் வடிவாகத்தான் எரிந்தது. விறகு போடக் கதவைத் திறந்தேன். புகை சுருண்டு சுருண்டு வெளியே வந்து, கூரையைத் தொட்டு, மாடிப்படி ஏறியது. புகை அலாரம் கத்த, மேலே இருந்து மனைவியின் குரல்: "இஞ்சாருங்கோ, புகையில்லாத அடுப்பு எண்டுதானே சொன்னீங்கள்?"

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புகைக்குழாய் 150 மி.மீ. விட்டம், அதாவது ஏறக்குறைய 177 சதுர செ.மீ. வழி. தட்டின் முன் விளிம்பில் நான் விட்ட இடைவெளி 3 செ.மீ. அடுப்பின் உள்ளகலம் 45 செ.மீ. பெருக்கினால் 135. வெளியேறும் வாயை விட வழியைச் சின்னதாக்கி வைத்திருக்கிறேன். கதவு மூடியிருக்கும்போது இழுவை எப்படியோ சமாளித்தது, திறந்ததும் புகைக்கு வீட்டுப் பக்கம்தான் சுகமான பாதை.

தட்டைக் கழற்றிக் கிரைண்டரால் 3 செ.மீ. வெட்டினேன். இப்போது 6 செ.மீ., 270 சதுர செ.மீ. இதற்குக் கீழே போகாதீர்கள் என்று துல்லியமான கணக்கு என்னிடம் இல்லை. புகைக்குழாயின் பரப்பை விடத் தாராளமாக விடுங்கள்.

2022 ஒக்டோபர் 23, சற்றுப் பிறகு

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஆம், கார்பன் மொனொக்சைட் அலாரமும் இருக்கிறது, வேறு வேறு மாடியில் இரண்டு. ஒன்ராறியோவில் விறகடுப்பு உள்ள வீட்டுக்கு 2014 முதல் அது கட்டாயம். இன்று கத்தியது புகை அலாரம் மட்டும். மற்றது கத்தியிருந்தால் நான் இங்கே நகைச்சுவையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

2022 நவம்பர் 6

இடைவெளி சரி, கதவு திறந்தால் புகை வருவதில்லை. ஆனால் இரண்டாம் எரிப்பு, அதாவது துளைக்காற்றில் புகை எரிவது? கதவின் காற்றுத் திருகைக் கழற்றிவிட்டு, நிலத்தில் குப்புறப் படுத்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். காற்றுக் குழாய் ஏறும் பக்கத்தில் நாலைந்து துளைகளில் மட்டும் சின்னத் தீநாக்கு. மிச்சம் ஐம்பத்தைந்தும் சும்மா இருந்தன. படத்தைப் போட்டேன்.

ஹமில்ட்டனில் வெல்டிங் வேலை செய்யும் அண்ணை ஒருவர் ஒரே வரியில் பிரச்சினையைச் சொல்லிவிட்டார்: "கொடுக்கிற வாய் ஒன்று, கேட்கிற வாய் அறுபது."

கணக்குப் போட்டேன். 25 மி.மீ. குழாயின் பரப்பு 491 சதுர மி.மீ. 5 மி.மீ. துளை ஒன்று 19.6, அறுபதுக்கு 1178. உள்ளே வருவதைப் போல இரண்டரை மடங்கு வெளியேற வழி விட்டிருக்கிறேன். முதல் சில துளையே எல்லாவற்றையும் குடித்துவிடும், கடைசித் துளைக்குக் காற்றே போகாது. ஒக்டோபர் 16 நான் எழுதிய அளவைப் பார்த்து யாராவது துளை போட்டிருந்தால் மன்னிக்கவும். துளைகளின் மொத்தப் பரப்பு, காற்று வரும் குழாயின் பரப்பை விடக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், பிழையும் ஒரு பாடம்தானே.

2022 நவம்பர் 7

கேள்வி கேட்ட தம்பி, வீட்டில் கிடக்கும் நாகப் (துத்தநாகப்) பூச்சுத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தலாமா என்கிறார். வேண்டவே வேண்டாம். நாகம் 419 பாகையில் உருகும். அதற்கு மேல் சூடானால் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவியும் வெள்ளைப் புகையும் சளிக்காய்ச்சல் போல ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். வெல்டர்களைக் கேளுங்கள், அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது பட்டிருப்பார்கள். இது வீட்டுக்குள் இருக்கும் அடுப்பு.

2022 நவம்பர் 27

துளைவாள் போட்டுப் பின்துளையை அகலமாக்கி 38 மி.மீ. குழாய் வைத்தேன். 1134 சதுர மி.மீ. புதிய குறுக்குக் குழாய்களில் 4 மி.மீ. துளை, அதே அறுபது, மொத்தம் 754. பழைய குழாய்கள் வருகிற வருடம் தக்காளிச் செடிக்கு முண்டு கொடுக்கும். ஊரிலேயே விலை கூடிய தக்காளிக் கம்பு என்னுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது எல்லாத் துளையிலும் காற்று வருகிறது. ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன், புகை வளைகிறது. ஆனால் தீ பிடிப்பதில்லை! கொளுத்திய முதல் அரை மணி, பெரிய சுவாலை இருக்கும்போது மட்டும் துளைகளில் கொஞ்சம் நீலம் தெரியும். சுவாலை தணிந்ததும் அணைந்துவிடும். வெளியே போய்ப் பார்த்தால் புகைபோக்கியில் பழைய கதைதான், சாம்பல் நிறப் புகை தாழ்வாகப் போய் அயல் வீட்டுப் பக்கம் படிகிறது.

இன்றைக்கு மனம் விட்டுப்போய்விட்டது. அடுப்பை விற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். யார் வாங்குவார்கள், ஓட்டை போட்ட அடுப்பை.

2022 டிசம்பர் 11

இரண்டு விஷயம்.

முதலாவது, தட்டு. 6 மி.மீ. இரும்பு என்பது சூட்டைத் தடுக்காது, கடத்தும். தீயின் சூடு தட்டு வழியாக மேலே போய்ப் புகைபோக்கியில் ஏறிவிட்டது. குழாய்கள் இருக்கும் இடத்தில் 600 பாகை சேரவே இல்லை. ஹமில்ட்டன் அண்ணை செராமிக் நார்ப் போர்வை சொன்னார். ஒரு அங்குலத் தடிப்பில் இரண்டு மடிப்பு, தட்டின் மேல் விரித்து, அதற்கு மேல் மெல்லிய ஸ்ரெயின்லெஸ் தகடு போட்டு மூடினேன். மூடாமல் விட்டால் நார் பிய்ந்து புகைபோக்கிக்குள் போகும். வெட்டும்போது நல்ல முகமூடி அவசியம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வெர்மிக்குலைட் பலகை கிடைத்தால் அது இன்னும் நல்லது. பக்கச் சுவர்களில் சூடு தாங்கும் செங்கல்லை இன்னொரு வரிசை உயர்த்தினேன்.

இரண்டாவது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், விறகு. ஈரம் பார்க்கும் மீற்றர் ஒன்று வாங்கினேன். மேப்பிள் துண்டின் வெளிமுகத்தில் குத்தினால் 19 சதவீதம். ஆகா, நல்லது என்று இருந்தேன். துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்தினால் 28, இன்னொன்றில் 31. மே மாதம் விழுந்த மரம், ஜூலையில் பிளந்தது, டிசம்பரில் எப்படிக் காயும்? 20க்குக் கீழே வர மேப்பிளுக்கு இரண்டு கோடை வேண்டும் போலிருக்கிறது. இவ்வளவு நாளும் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கத்தான் தீ வளர்த்திருக்கிறேன். அந்த ஆவி தீயைக் குளிரவைத்தது, குளிர்ந்த தீயில் புகை பற்றவில்லை, பழி முழுக்கக் குழாய்க்கு.

பச்சை விறகு புகையும் என்பது எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதை நான் மீற்றரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

2022 டிசம்பர் 24

நேற்று பனிப்புயல். மதியம் மின்சாரம் போனது, இன்னும் வரவில்லை. கைப்பேசி மின்னூட்டம் இருக்கும் வரை எழுதுகிறேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் பனியை உழுதுகொண்டு வந்து ஒரு வண்டி ஆஷ் விறகு தந்துவிட்டுப் போனார். மரகதப் பச்சை நிறத்தில் ஒரு வண்டு, 2002இல் டிற்றொயிற், வின்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள், ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் துளைத்துக் கொன்றுகொண்டே வருகிறது. அவருடைய காட்டில் நின்றபடியே செத்த மரங்கள். பிளந்து குத்திப் பார்த்தேன்: 16.

இரவு எட்டு மணிக்கு அடுப்பை நிறைத்தேன். கால் மணியில் சத்தம் மாறியது. வெடிப்பும் சடசடப்பும் நின்று, தாழ்வான ஒரு உறுமல், காற்று அடைத்த குழாய்க்குள் பேசுவது போல. திருகைக் கழற்றிப் படுத்துப் பார்த்தேன். கீழே விறகில் அதிகச் சுவாலை இல்லை. மேலே மூன்று குழாயிலும், ஒவ்வொரு துளையிலிருந்தும், ஒரு விரல் நீளத் தீ தொங்கியது. காஸ் அடுப்பைக் கவிழ்த்துப் பிடித்தது போல. விறகுக்கும் அந்தத் தீக்கும் இடையில் வெறும் இருட்டு. மனைவியைக் கூப்பிட்டேன், மகளைக் கூப்பிட்டேன், மூன்று பேரும் மாறி மாறி நிலத்தில் படுத்துப் பார்த்தோம். டோர்ச் வெளிச்சத்தில் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் புகைபோக்கியில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

திரும்பி வந்து அடுப்பின் தலையில் சூட்டு மானியைப் பார்த்தேன். 380. காற்றுத் திருகு இரண்டையும் மூடினேன். 400. இன்னும் ஏறுகிறது. 430. தகட்டிலிருந்து ஒருவகைச் சுட்ட இரும்பு வாசனை. அப்போதுதான் உறைத்தது, மூன்று மாதமாக இதைக் கட்டியவன் அந்த 38 மி.மீ. வாய்க்கு ஒரு மூடி வைக்கவில்லை. முன்னால் எல்லாவற்றையும் அடைத்தாலும் பின்னால் இருந்து காற்று போய்க்கொண்டே இருக்கும். காய்ந்த விறகு வேறு அடுப்பு நிறைய.

செங்கல் துண்டு ஒன்றைக் குறட்டால் பிடித்து அந்தக் குழாய் வாயில் வைத்தேன். முக்கால்வாசி அடைந்தது. பத்து நிமிடத்தில் 410, அரை மணியில் 340. அதுவரை நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தண்ணீர் ஊற்றுவோமா என்று மகள் கேட்டாள். சூடான தகட்டில் தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியலாம், வெடிப்பு விடலாம், கொதி ஆவி முகத்தில் அடிக்கும். இதை எல்லோரும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

2022 டிசம்பர் 27

மின்சாரம் வந்துவிட்டது. வாயில் சறுக்குத் தட்டு ஒன்று பூட்டியாகிவிட்டது. முழுதாக மூட விடாமல் ஒரு ஆணி வைத்தேன், கால்பங்கு எப்போதும் திறந்திருக்கும். குழாய்க்குள் ஓடும் காற்றுத்தான் குழாயைக் குளிர வைப்பதும். அதை முழுக்க நிறுத்தினால் குழாய் வெந்து வளையும், புகையும் துளை வழியாக உள்ளே போய்ப் படியும்.

24ஆம் திகதி எழுதியதை இன்று படித்தால் கொஞ்சம் பெருமையடித்தது போல இருக்கிறது. பெருமைப்பட ஒன்றுமில்லை. அன்று புகைபோக்கிக்குள் பழைய புகைக் கீல் (தார் போன்ற படிவு) தடிப்பாகப் படிந்திருந்தால் அது பற்றியிருக்கும், வீடும் போயிருக்கும். அக்டோபரில் துடைத்து வைத்ததால் தப்பினோம்.

2023 ஜனவரி 8

இரண்டு நாளாக மறுபடி வெள்ளைப் புகை என்று குழம்பிக்கொண்டிருந்தேன். நேற்றும் ஆஷ்தான் போட்டது, உள்ளே தீ தொங்குகிறது, வெளியே வெள்ளை. மனைவிதான் கவனித்தார்: புகைபோக்கி வாயிலிருந்து ஒரு சாண் மேலேதான் வெள்ளை தொடங்குகிறது, இரண்டு மூன்று மீற்றரில் காணாமல் போகிறது. அது நீராவி. வெளியே மைனஸ் 18, மூச்சு விட்டாலே வெள்ளையாக வருகிறது. விறகு எவ்வளவு காய்ந்தாலும் எரியும்போது தண்ணீர் உண்டாகத்தான் செய்யும். புகை என்றால் நீலச் சாம்பல் நிறமாக நீளமாக இழுபடும், மூக்கிலும் தெரியும். நவம்பரில் நான் பார்த்தது சந்தேகமில்லாமல் புகை.

2023 ஜனவரி 15

நோர்வேயிலிருந்து ஒரு அக்கா: "அளந்து பார்த்தீர்களா, அல்லது கண்ணால் பார்த்துத்தானா?" கண்ணால் பார்த்துத்தான் அக்கா. அங்கே 1998க்குப் பிறகு விற்கும் அடுப்பெல்லாம் சுத்தமாக எரியும் வகையாகத்தான் இருக்க வேண்டும், பேர்கன் நகரில் அதற்கு முந்தியவற்றை 2021 முதல் கொளுத்தவே கூடாது என்று எழுதியிருக்கிறார். இங்கே மொன்றியலிலும் 2018 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் விடும் அடுப்புக்குத் தடை, நீண்ட மின்தடை நேரத்தில் மட்டும் விலக்கு.

என்னுடைய அடுப்பு எவ்வளவு விடுகிறது என்று ஆய்வுகூடத்தில்தான் சொல்ல முடியும். அமெரிக்கச் சுற்றாடல் முகமை 1988இல் போட்ட விதி, வினையூக்கி இல்லாத அடுப்புக்கு 1990 முதல் மணிக்கு 7.5 கிராம் என்று வந்து, 2020இல் 2 கிராமாக இறங்கியது. அந்த 2 கிராமுக்குத் தொழிற்சாலைக்காரர் கூடம் வைத்துப் பல தடவை மாற்றிக் கட்டிப் பார்த்துத்தான் போகிறார்கள். நான் கராஜில் பியர் குடித்துக்கொண்டு துளைத்தது அந்த இடத்துக்குப் போயிருக்கும் என்று சொன்னால் அது பொய். முன்பை விடக் குறைவு, அது மட்டும் நிச்சயம். மொன்றியலில் இருப்பவர்கள் இதைச் செய்து அனுமதி கேட்க வேண்டாம், கிடைக்காது.

2023 மார்ச் 12

காப்புறுதி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

நான் சொல்லித்தான் செய்தேன், ஆனால் செய்த பிறகு சொன்னேன். அது தப்பு. காப்புறுதிக்காரர் வெற் (WETT) ஆய்வு, அதாவது விறகடுப்புப் பாதுகாப்பு ஆய்வு, கேட்டார். சான்றுபெற்ற ஆய்வாளர் வந்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார். சான்றுத் தகடு இல்லாத அடுப்பு என்பதால் எரியக்கூடிய சுவரிலிருந்து 1200 மி.மீ. தூரம் வேண்டும், அது எங்களுக்கு இருந்தது, வெறும் கல்நிலவறை. உள்ளே கட்டியதை எட்டிப் பார்த்து, படம் எடுத்து, "உரிமையாளர் மாற்றம் செய்துள்ளார்" என்று எழுதினார். காப்புறுதிக்காரர் இரண்டு மாதம் யோசித்துக் கட்டணத்தை ஏற்றி விட்டுவிட்டார். நிறுத்தியிருந்தாலும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

சட்பரித் தம்பி, உங்கள் அடுப்பின் பின்பக்கம் படம் அனுப்பியிருந்தீர்கள். அதில் சான்றுத் தகடு இருக்கிறது. அதன் உடம்பில் ஒரு ஓட்டை போட்டாலும் அந்தத் தகட்டுக்கு அர்த்தமில்லை. போடாதீர்கள்.

2023 ஏப்ரல் 30

புகைபோக்கி துடைத்தேன். கீழே விழுந்தது ஏறக்குறைய ஒரு பால்மா ரின், மண்ணிறத் தூள். போன ஒக்டோபரில் முந்திய வீட்டுக்காரரின் மிச்சத்தைத் துடைத்தபோது அரை வாளி, அதில் கறுப்புக் கண்ணாடி போல மினுங்கும் பொருக்கும் இருந்தது. புகைக்குழாய் 120 பாகைக்குக் கீழே குளிர்ந்தால்தான் அப்படிப் படியும். அவர் எத்தனை வருடம் துடைக்காமல் விட்டார் என்று தெரியாது, ஆகவே இதை ஒப்பீடு என்று எடுக்க வேண்டாம்.

விறகு: நாலரை புஷ் கோர்ட் போனது. (சட்பரிக்குத் தெரியும், மற்றவர்களுக்கு: 4 அடி, 4 அடி, 8 அடி அடுக்கு ஒன்று ஒரு புஷ் கோர்ட். ஃபேஸ் கோர்ட் என்று விற்பதில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், ஏமாறாதீர்கள்.) பாதி மிச்சமா? அரைவாசிக் குளிர்காலம் ஈர மேப்பிள், மிச்சம் காய்ந்த ஆஷ். எதை எதோடு ஒப்பிடுவது?

2023 ஒக்டோபர் 29

அதே மேப்பிள், இரண்டு கோடை கண்டது. பிளந்து குத்தினால் 17, 18. நேற்று மாலை முதல் தடவையாக இந்த மரத்தில் குழாய்த்தீ கண்டேன், கொளுத்திப் பன்னிரண்டு நிமிடத்தில்.

ஒருவர் வினையூக்கித் தேன்கூடு (குறைந்த சூட்டிலேயே புகை எரிய உதவும் பூச்சுள்ள, தேன்கூடு போன்ற கட்டி) வைத்தால் என்ன என்கிறார். அது 260 பாகையிலேயே புகையைப் பற்றவைக்கும், குழாயை விட இலகு என்பது சரிதான். ஆனால் புகை தேன்கூட்டைத் தவிர்த்துப் போகச் சுற்றுவழிக் கதவு ஒன்று கட்ட வேண்டும். இல்லாவிட்டால் விறகு போடக் கதவைத் திறந்ததும் என் முதல் தீயன்று வீட்டுக்குள் வந்த புகைதான் உங்களுக்கும். பூச்சு அடித்த விறகு, நிறக் காகிதம் எரித்தால் தேன்கூடு கெட்டுவிடும். எங்கள் வீட்டில் யார் எதை அடுப்பில் போடுவார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. எனக்கு வேண்டாம்.

2024 பெப்ரவரி 18

நடுக்குழாய் தொய்ந்துவிட்டது. நடுவில் விரல் தடிப்பு வளைவு. மற்ற இரண்டும் நேராகத்தான் இருக்கின்றன. இரு முனையையும் ஒட்டியது பிழை. சூட்டில் நீளும்போது போக இடமில்லாமல் தொய்ந்தது. ஒரு முனையைச் செருகி, மற்ற முனையைத் தளர்வாக ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். மாற்றுக் குழாய் வெட்டக் கொடுத்திருக்கிறேன்.

சட்பரித் தம்பி இன்று எழுதியிருக்கிறார். ஓட்டை எதுவும் போடவில்லையாம். உள்ளே இரண்டு இரும்புக் கோணச் சட்டம் வைத்து, அதன் மேல் சூடு தாங்கும் செங்கல்லை அடுக்கி, முன்னால் தாராளமாக வழி விட்டு, மூன்று வருடம் காய்ந்த பேர்ச் விறகு போட்டாராம். புகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அலாரம் கத்தவில்லை, மொத்தச் செலவு இரண்டு மணித்தியாலம் என்கிறார். "அண்ணை, குழாய் கட்டாயம் தேவையா?" என்று வேறு கேட்கிறார்.

செங்கல்லும் மாற்றம்தான் தம்பி, ஆய்வாளரிடம் காட்டுங்கள். மற்றக் கேள்விக்கு, தொய்ந்த குழாயை மாற்றிவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்.

2024 மார்ச் 3

மாற்றுவதற்குள் ஒரு வாரம் குழாய் மூன்றையும் கழற்றிவிட்டு, மூடிய காற்று வாயோடு, தட்டும் போர்வையும் செங்கல்லும் காய்ந்த மேப்பிளும் வைத்து எரித்துப் பார்த்தேன். வெளியே போய்ப் பார்த்தேன், மனைவியையும் பார்க்கச் சொன்னேன். குழாய் இருக்கும்போதை விடக் கொஞ்சம் கூடப் புகை. விறகு போட்ட முதல் பத்து நிமிடத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு பெரிதாக இல்லை.

தேவையா என்றால், கட்டாயம் இல்லை தம்பி. புதிய குழாய் நேற்றுப் பூட்டியாகிவிட்டது. அந்தத் தொங்கும் தீயைப் பார்க்க எனக்கு ஆசை, வேறொன்றும் இல்லை. பழைய நடுக்குழாய் தக்காளிக்குப் போகிறது.